பாட்டியின் வாழ்க்கையைப் புத்தகமாக்க எங்கே தொடங்குவது?

மூத்தபேத்தி:

வணக்கம். 91 வயதில் மறைந்த எங்கள் பாட்டியைப் பற்றி முதலாண்டு நினைவு நாளுக்குள் ஒரு புத்தகம் கொண்டுவர வேண்டும் என்று குடும்பத்தில் முடிவாகி, பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. எட்டு மாதம் இருக்கிறது. நூறு பக்கம், அறுபது படிகள் போதும். ஆறு பிள்ளைகளையும் கரையேற்றி, கடைசிவரை வீட்டு முடிவெல்லாம் தன் கையிலேயே வைத்திருந்தவர். அந்த அதட்டலும் புத்தகத்தில் வர வேண்டும். ‘அன்பின் வடிவம், தியாகத்தின் திருவுருவம்’ என்ற ரகத்தில் இன்னொரு மலர் வேண்டாம்.

கைவசம் இருப்பவை: பிசின் பக்கத்தின் மேல் பிளாஸ்டிக் தாள் மூடும் வகை ஆல்பம் இரண்டு (படங்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன), தகரப்பெட்டியில் சுமார் 200 உதிரிப் படங்கள், கண்ணாடிச் சட்டத்துக்குள் கல்யாணப் படம் ஒன்று, அவர் பேசியும் பாடியும் பதிவான கேசட் நான்கு, நீல மசியில் எழுதிய கடிதக்கட்டு, எல்லார் ஃபோனிலும் சிதறிக் கிடக்கும் வாட்ஸ்அப் குரல் செய்திகள். பாட்டியின் தங்கை 86 வயதில் இருக்கிறார். எதை முதலில் எடுப்பது? ஸ்கேனர் வாங்கியே ஆக வேண்டுமா? கேசட்டை வீட்டிலேயே கணினிக்கு மாற்ற முடியுமா?

வாய்மொழி:

ஸ்கேனரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் பாட்டியின் தங்கையைப் போய்ப் பாருங்கள்.

எது சீக்கிரம் அழியுமோ அதை முதலில் எடுக்க வேண்டும். 86 வயதுக்காரரின் நினைவு, அடுத்து ஃபோனில் உள்ள குரல், அடுத்து கேசட், கடைசியில் படமும் கடிதமும். ஈரம் படாமல் பெட்டியில் கிடக்கும் கருப்பு-வெள்ளைப் படம் இன்னும் சில மாதத்தில் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் பெரும்பாலான குடும்பங்களில் இது தலைகீழாகத்தான் நடக்கிறது. ஸ்கேன் செய்தால் வேலை நடப்பது கண்ணுக்குத் தெரிகிறது, பேச உட்கார்வதோ ‘அடுத்த லீவில் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போகிறது.

ஒரு அமர்வு ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை. எந்த வேளையில் அவர் தெளிவாக இருப்பார் என்று கூட இருப்பவரிடம் கேட்டுக்கொண்டு அந்த வேளையில் போங்கள். பதிவுக்கு ஃபோன் போதும். ஏரோப்ளேன் மோடில் போட்டு, மடித்த துண்டின் மேல் வைத்து (மேஜையில் கை தட்டும் சத்தம் ஏறாது), பேசுபவர் வாயிலிருந்து 30, 40 செ.மீ. தூரத்தில் வையுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். ஒரு நிமிடம் பதிந்து ஹெட்ஃபோனில் கேட்டுப் பார்த்த பிறகே தொடங்க வேண்டும். இன்னொரு ஃபோனிலும் பதிவு ஓடட்டும். பதிவின் முதல் வரியாகத் தேதி, இடம், பேசுபவர் யார், பாட்டிக்கு என்ன உறவு என்று நீங்களே சொல்லிவிடுங்கள். இருபது வருடம் கழித்து அந்தக் கோப்பைத் திறப்பவருக்கு அது ஒன்றுதான் அடையாளம்.

‘அக்கா எப்படிப்பட்டவர்?’ என்று கேட்டால் ‘தங்கமானவள்’ என்று பதில் வரும், அதோடு முடிந்தது. சின்னதாக, கையில் பிடிக்கக்கூடியதாகக் கேளுங்கள். சாவிக்கொத்து யாரிடம் இருந்தது? கடன் கேட்டு யாராவது வந்தால் என்ன சொல்வார்? கோபம் வந்தால் கத்துவாரா, பேச்சை நிறுத்திவிடுவாரா? நிறுத்தினால் எத்தனை நாள்? யாரிடம் மட்டும் அவர் பேச்சு எடுபடாது? எந்தப் பிள்ளை விஷயத்தில் அவர் முடிவு தப்பாகப் போனது? நீங்கள் தேடுகிற அதட்டல் இந்தக் கேள்விகளில்தான் கிடைக்கும்.

நன்றாக வேலை செய்யும் இன்னொரு வழி, வீட்டு வரைபடம். பாட்டி பிறந்த வீட்டையோ வாழ்க்கைப்பட்ட வீட்டையோ ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ‘யார் எங்கே படுப்பார்கள், பணம் எந்த இடத்தில் இருக்கும், பிள்ளைகள் நுழையக் கூடாத அறை எது’ என்று அறை அறையாகப் போனால், ஆண்டு எதுவும் ஞாபகம் வராதவர்கூட விடாமல் பேசுவார். அந்தத் தாளையும் பத்திரப்படுத்துங்கள், புத்தகத்தில் ஒரு பக்கம் அதற்கே தரலாம்.

ஆட்களைத் தனித்தனியாகப் பாருங்கள். நாலு பேரைச் சேர்த்து உட்காரவைத்தால் மூத்தவர் சொல்வதுதான் சரித்திரம், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். எல்லாரும் தனியாகச் சொன்ன பிறகு ஒரு முறை சேர்ந்து உட்காரலாம், சண்டை வந்தாலும் சுவாரஸ்யமாக இருக்கும். பேசுபவர் இடையில் பேச்சை நிறுத்தினால் அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். பத்து விநாடி சும்மா இருங்கள். முக்கியமானது பெரும்பாலும் அந்த இடைவெளிக்குப் பிறகுதான் வரும். இறந்துபோன குழந்தை, பிரிந்துபோன உறவு போன்றவை வந்தால், ‘இது புத்தகத்துக்கா, நம் வீட்டுக்கு மட்டுமா’ என்று அப்போதே கேட்டுப் பதிவிலேயே பதில் வாங்கிவிடுங்கள்.

பதிவு முழுவதையும் எழுத்தாக்க முயன்றால் மூழ்கிவிடுவீர்கள். ஒரு மணி நேரப் பேச்சைத் தட்டச்சு செய்யக் குறைந்தது நாலு மணி நேரம் பிடிக்கும். முதலில் நிமிடக் குறிப்பு மட்டும் போடுங்கள்: ‘14:20 – பெரியவரோடு சண்டை’, ‘31:05 – வீடு மாறியது’. தேவையான பகுதியை மட்டும் பிறகு எழுதுங்கள். தானாக எழுத்தாக்கும் செயலிகளை முதல் வரைவுக்குப் பயன்படுத்தலாம். முதியவரின் வட்டார வழக்கிலும் ஆள் பெயர், ஊர்ப் பெயரிலும் அவை கண்டபடி தப்பு செய்யும், ஒலியோடு ஒப்பிடாமல் ஒரு வரியையும் ஏற்காதீர்கள். பேச்சு வழக்கை எழுத்து வழக்காக மாற்றவும் வேண்டாம். ‘இந்தா, இங்க வா’ என்றதை ‘இங்கே வருவாயாக’ ஆக்கினால் ஆளே மாறிவிடுவார். திரும்பத் திரும்ப வரும் ‘வந்து’, ‘அதாவது’ போன்றவற்றை மட்டும் நீக்கலாம்.

பழுப்புத்தாள்:

வரிசை சரி. படங்களைப் பற்றி நான் சொல்கிறேன்.

ஒட்டிக்கொண்ட ஆல்பத்தில் முதலில் எதையும் பிடுங்காதீர்கள். பிளாஸ்டிக் தாளை மட்டும் மெதுவாகத் தூக்கிவிட்டு, பக்கம் பக்கமாக அப்படியே ஸ்கேன் செய்துவிடுங்கள். பிறகு படம் கிழிந்தாலும் உள்ளடக்கம் கையில் இருக்கும். எந்தப் படத்துக்கு அடுத்து எது இருந்தது என்பதே ஒரு தகவல், அதுவும் பதிவாகிவிடும். அதற்குப் பின், பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூல் (மெழுகு பூசாத வகை) ஒரு முழம் எடுத்து, படத்தின் மூலைக்கு அடியில் நுழைத்து, ரம்பம் போல இழுத்துக்கொண்டே போங்கள். வளைய வேண்டியது ஆல்பத்தின் பக்கம், படம் தட்டையாகவே இருக்க வேண்டும். படத்தை வளைத்தால் மேலே உள்ள படலம் வெடித்து, வெள்ளைக் கோடு விழும், அதைச் சரிசெய்ய வழி கிடையாது. நூல் நகரவில்லை என்றால் விட்டுவிடுங்கள், பக்கத்தோடு வெட்டி வைத்துக்கொள்ளலாம். தண்ணீர், எண்ணெய், கறை நீக்கும் திரவம் எதுவும் கிட்டே வரக் கூடாது.

கல்யாணப் படம் கண்ணாடியோடு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சட்டத்தைச் சாய்த்துப் பார்த்தால், ஒட்டிய இடங்கள் நனைந்ததுபோலக் கருத்துத் தெரியும். அப்படி இருந்தால் பிரிக்கவே கூடாது, முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்துத்தான் படியெடுக்க வேண்டும். இங்கே ஸ்கேனரின் வகை முக்கியம். மெல்லிய, யூஎஸ்பி மின்சாரத்திலேயே ஓடும் ஸ்கேனர்கள் பெரும்பாலும் சிஐஎஸ் வகை. தாள் ஸ்கேனரின் கண்ணாடியைத் தொட்டால்தான் தெளிவு, இரண்டு மில்லிமீட்டர் உயர்ந்தாலே மங்கிவிடும். சற்றுக் கனமான சிசிடி வகையில் கண்ணாடியை விட்டுச் சற்று உயர்ந்திருப்பதும் தெளிவாக விழும், சுருண்ட படங்களுக்கும் அதுதான் நல்லது. யாரிடமாவது இருந்தால் இரவல் வாங்குங்கள். 200 படத்துக்காகப் புதிதாக வாங்க வேண்டியதில்லை.

ஸ்கேன் அமைப்பு: 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி), 24 பிட் கலர், டிஃப் கோப்பு (தரம் குறையாமல் சேமிக்கும் வகை). கருப்பு-வெள்ளைப் படத்தையும் கலரிலேயே எடுங்கள், பழுப்புக் கறை எது, படம் எது என்று பின்னால் பிரித்தெடுக்க அந்தக் கலர் வேண்டும். 6×9 செ.மீ. படம் 600 டிபிஐயில் 1417×2126 பிக்சல் வரும். அச்சில் அது 12×18 செ.மீ. வரை தெளிவாக நிற்கும். 1200 டிபிஐக்குப் போனால் கோப்புதான் நான்கு மடங்காகும். பழைய அச்சுப் படத்தில் அதற்கு மேல் பெரும்பாலும் விவரம் இருக்காது. நெகட்டிவ் இருந்தால் கதை வேறு, 35 மி.மீ. ஃபிலிமுக்கு 2400 டிபிஐக்குக் குறையக் கூடாது. ஸ்கேனர் மென்பொருளில் கூர்மையாக்குதல், தூசி நீக்குதல், தானாக நிறம் திருத்துதல் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். தூசி நீக்கும் வசதி மூக்குத்தியையும் தூசி என்றே நினைக்கும்.

வெள்ளை ஓரத்தை வெட்டாதீர்கள். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள், ஸ்டுடியோ முத்திரை, பென்சில் குறிப்பு எல்லாம் அங்கேதான் இருக்கும். முன்பக்கம் 014_மு, பின்பக்கம் 014_பி என்று ஒரே எண்ணில் பெயர் வைத்தால் பிரியாது. ஆண்டு தெரியாத படத்துக்குக் கோப்புப் பெயரில் ஆண்டு போடவே வேண்டாம், யூகமாக ஒரு முறை போட்டது பிறகு உண்மையாகிவிடும்.

பரப்பில் தேன்கூடு போலச் சொரசொரப்பு உள்ள படங்கள் ஸ்கேனில் வெள்ளைப் புள்ளியாக மின்னும். அப்படியே ஒரு தரம், 180 டிகிரி திருப்பி ஒரு தரம் ஸ்கேன் செய்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திக் கலந்தால் மினுக்கம் பெருமளவு குறையும். இருண்ட பகுதியில் நீலவெள்ளிப் பளபளப்பு ஏறிய மிகப் பழைய படங்களை ஸ்கேனரை விடக் கேமராவில், இரு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு வைத்து எடுப்பது மேல். 1970, 80களின் கலர்ப் படம் சிவந்திருந்தால் பயப்படாதீர்கள். இருட்டில் கிடந்தும் சயான் (நீலப்பச்சை) சாயம் வெளுத்துப்போனதால் வரும் சிவப்பு அது. படத்திருத்த மென்பொருளில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்று சானலிலும் (நிற அடுக்கு) லெவல்ஸை (இருள், வெளிச்ச எல்லைகளை) தனித்தனியாக இழுத்துவிட்டால் பாதிக்கு மேல் திரும்பிவிடும்.

படத்தின் பின்னால் பால்பாயிண்ட் பேனாவால் எழுதாதீர்கள், அழுத்தம் முன்பக்கம் தெரியும்.

கைப்படம்:

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? ஃபோனில் ஸ்கேன் செய்யும் செயலியிலேயே ஒரு நாளில் 200 படத்தையும் முடித்துவிடலாம். எட்டு மாதத்தில் இதெல்லாம் நடக்கிற காரியமா?

பழுப்புத்தாள்:

யார் யார் என்று உறவினரிடம் கேட்டு அடையாளம் காண ஃபோன் படம் தாராளமாகப் போதும். முதல் சுற்றை ஃபோனிலேயே எடுத்து எண் போட்டுவிடுங்கள். 200ல் புத்தகத்துக்குப் போகப்போவது ஐம்பது, அறுபது. அவற்றை மட்டும் முறையாக ஸ்கேன் செய்தால் ஒரு வார இறுதியில் முடியும். அச்சுக்கு மட்டும் ஃபோன் படம் வேண்டாம். அந்தச் செயலிகள் ஓரத்தை வெட்டி, வெளிச்சத்தைச் சமன்செய்து, முகத்தை வழவழப்பாக்கிவிடும், 12 செ.மீ. அகலத்துக்குப் போனதும் பல்லிளிக்கும். வாட்ஸ்அப்பில் ‘ஃபோட்டோ’வாக அனுப்பச் சொல்லி வாங்குவதும் அதே கதைதான், சுருக்கப்பட்டு, எடுத்த தேதியும் உதிர்ந்துதான் வந்து சேரும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

ஏ_பக்கம்:

கேசட்டை வீட்டிலேயே மாற்றலாம், நிபந்தனையோடு.

முதலில் கேசட்டின் மேல் விளிம்பில் உள்ள இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பற்களையும் உடைத்துவிடுங்கள். அவை இல்லாவிட்டால் ரெக்கார்ட் பட்டன் அமுங்காது, கைதவறி அழியும் ஆபத்து போய்விடும். அடுத்து ஜன்னல் வழியே நாடாவைப் பாருங்கள். ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சை. அதை எந்த மெஷினிலும் போடாதீர்கள், மற்ற மூன்று கேசட்டுக்கும் பரப்பிவிடுவீர்கள். அது தொழில்முறை ஆட்களின் வேலை.

ஹெட்டுக்கு (நாடாவைப் படிக்கும் பிளேயரின் பாகம்) எதிரே சின்ன ஃபெல்ட் துண்டு ஒன்று செப்புத் தகட்டில் ஒட்டியிருக்க வேண்டும். பழைய கேசட்டில் பசை காய்ந்து அது விழுந்திருக்கும், அப்போது ஒலி ஏறி இறங்கி மங்கலாக வரும். திருகு போட்ட கேசட் என்றால் திறந்து, நாடாச் சுருளை நல்ல கூட்டுக்கு மாற்றலாம். ஒட்டி மூடிய வகையைக் கத்தியால் பிளக்கத்தான் வேண்டும், அதைப் பழக்கமில்லாதவர்கள் தொட வேண்டாம். நாடா அறுந்தால் சாதாரண செலோடேப் கூடவே கூடாது, பசை கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும். 3.81 மி.மீ. நாடாவுக்கென்று ஒட்டுநாடா தனியாக இருக்கிறது.

பேச்சுப் பதிவுக்கு யூஎஸ்பி வைத்த மலிவு கேசட் பிளேயர்களை நான் சிபாரிசு செய்யமாட்டேன். வேகம் ஆடும், குரல் நடுங்கும், ஹெட்டைத் திருத்தவும் வசதி இருக்காது. பெல்ட் மாற்றிய ஒரு பழைய கேசட் டெக் எங்காவது கிடைத்தால் அதுதான். ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். ரப்பர் உருளைக்கு இலேசான சோப்புத் தண்ணீர் போதும். கேசட்டை ஒரு முறை முழுக்க ஃபார்வர்ட், முழுக்க ரீவைண்ட் செய்தால் பல வருட இறுக்கம் தளரும். பிறகும் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தால் ஹெட் பக்கத்துத் திருகை இலேசாகத் திருப்பி, ‘ச’, ‘ஸ’ ஒலிகள் பளிச்சென்று கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். பலரும் இந்த ஒரு வேலையைச் செய்யாமல், பிறகு மென்பொருளில் போராடுகிறார்கள்.

டெக்கின் லைன்-அவுட்டிலிருந்து கணினியின் லைன்-இன்னுக்குக் கொடுங்கள், மைக் துளைக்கு அல்ல. பதிவு அமைப்பு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் (சுருக்கப்படாத ஒலிக் கோப்பு). மோனோவில் மணிக்குச் சுமார் 520 எம்பி ஆகும். உச்ச ஒலி –6 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டால்பி (நாடா இரைச்சலைக் குறைக்கும் வசதி) பட்டன் அணைந்திருக்கட்டும், வீட்டுப் பதிவுகள் பெரும்பாலும் டால்பி இல்லாமல்தான் இருக்கும். இரைச்சல் நீக்குவதை ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் ஒரு நகலில் மட்டும் செய்யுங்கள், 6 டெசிபல், மிஞ்சினால் 10. அதற்கு மேல் போனால் தண்ணீருக்கு அடியில் பேசுவதுபோல ஆகிவிடும். பின்னணியில் கதவுச் சத்தம், யாரோ கூப்பிடுவது எல்லாம் இருந்தால் இருக்கட்டும், அதுவும் அந்த வீடுதான்.

வாட்ஸ்அப் குரல் செய்திகளை இன்றே எடுங்கள். யாராவது ஃபோன் மாற்றினால் போச்சு. சாட்டை ஏற்றுமதி செய்யும்போது ‘மீடியாவுடன்’ என்று தேர்ந்தால், எந்தக் குரல் எந்தத் தேதியில் யாரிடமிருந்து வந்தது என்ற எழுத்துக் கோப்பும் கூடவே வரும். நீண்ட சாட்டாக இருந்தால் பழையவை விடுபடும். ஆண்ட்ராய்டில் ‘வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ்’ ஃபோல்டரை அப்படியே காப்பி எடுப்பது பத்திரம். ஒருவருக்கொருவர் ஃபார்வர்ட் செய்து சேர்க்காதீர்கள், யார் எப்போது அனுப்பியது என்ற விவரம் அதில் தொலையும். வாட்ஸ்அப் தரும் ஓபஸ் ஒலிக் கோப்பை மாற்றாமல் மூலமாக வைத்துக்கொண்டு, கேட்பதற்கு வேறு நகல் எடுங்கள்.

மூத்தபேத்தி:

எல்லாருக்கும் மிக்க நன்றி. சின்னப் பாட்டியிடம் இந்த வாரமே போகிறோம். இடையில் மூன்று சிக்கல். வீடு மாறியது 1958 என்கிறார் பெரிய அத்தை, 1961 என்கிறார் சின்ன அத்தை, இருவரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. கடிதக்கட்டில் சொத்துப் பிரிவினைத் தகராறு பற்றிப் பாட்டியின் தம்பி காரசாரமாக எழுதியவை இருக்கின்றன. தாள் மஞ்சளாகி மசியும் வெளிறிப் படிக்க முடியவில்லை. கல்யாணப் படத்தின் ஃபோன் நகலைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டுக் கலராக்கி அனுப்பியிருக்கிறான் ஒன்றுவிட்ட தம்பி. குடும்பத்தில் பாதிப் பேர் அதைத்தான் அட்டையில் போட வேண்டும் என்கிறார்கள்.

வாய்மொழி:

நடுவில் 1960 என்று போட்டுச் சமாதானம் பண்ணிவிடாதீர்கள், அதுதான் இருவருக்கும் தப்பாகப் போகும். ஒரு அட்டவணை போடுங்கள்: ஆண்டு, நிகழ்வு, ஆதாரம். ஆண்டு நினைவில் இல்லாவிட்டாலும் ‘எந்தப் பிள்ளை அப்போது கைக்குழந்தை, யார் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்’ என்பது நினைவில் இருக்கும். ஆறு பிள்ளைகளின் பிறந்த ஆண்டுகள்தான் உங்களுக்கு ஆணி. பெரிய அத்தை ‘அப்போது தம்பி பிறக்கவில்லை’ என்றால் மேல் எல்லை கிடைத்துவிட்டது. கடித உறையின் தபால் முத்திரையில் எந்த முகவரிக்கு எந்த ஆண்டில் வந்தது என்று பாருங்கள், தகராறே தீரக்கூடும். நிகழ்வு நடந்தபோதே எழுதப்பட்ட ஆதாரத்துக்கு முதலிடம், பின்னாளில் சொன்னதற்கு அடுத்த இடம். பாட்டியின் அடையாள அட்டையில் உள்ள பிறந்த தேதியைக்கூட அப்படியே நம்பாதீர்கள், ஜனவரி 1 என்று இருந்தால் யாரோ கேட்டதற்கு யாரோ போட்ட தேதியாக இருக்க வாய்ப்பு அதிகம். எதுவும் நிலைநிற்காவிட்டால் இரண்டு ஆண்டையும், யார் எதைச் சொன்னார் என்பதோடு அச்சிடுங்கள்.

சொத்துக் கடிதம் புத்தகத்துக்கு வேண்டாம். தகராறு நடந்தது, பாட்டி இன்ன முடிவு எடுத்தார் என்று இரண்டு வரி எழுதலாம். அவரை அறிய அது தேவைப்படும். மூலக் கடிதத்தை அச்சிடுவது வேறு விஷயம். தாள் உங்கள் கையில் இருந்தாலும் அதில் உள்ள எழுத்தின் உரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும். அவர்கள் சம்மதமில்லாமல் போட்டால் புத்தகம் வெளிவருகிற அன்றே பழைய சண்டை புதுப்பிக்கப்படும். உயிரோடு இருப்பவர்களின் முழுப் பிறந்த தேதி, முகவரி, ஃபோன் எண் எதையும் வம்சாவளியில் போட வேண்டாம், பிறந்த ஆண்டு போதும்.

பழுப்புத்தாள்:

மஞ்சள் தாளில் வெளிறிய நீல மசி என்றால் எளிது. கலரில் ஸ்கேன் செய்து சிவப்புச் சானலை மட்டும் தனியாகப் பாருங்கள். மஞ்சள் அதில் வெள்ளையாகிவிடும், நீலம் கருத்து நிற்கும். பிறகு மாறுபாட்டைக் கொஞ்சம் கூட்டினால் படிக்கலாம். பழுப்பாகிப்போன மசி என்றால் நீலச் சானலை முயலுங்கள். மடிப்பில் கிழிந்த கடிதத்துக்கு செலோடேப்பும் லாமினேஷனும் தான் முதல் எதிரிகள்.

கலராக்கிய படம் அட்டைக்கு வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. உடை, பின்திரை நிறமெல்லாம் செயலியின் யூகம். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கூர்மையாக்கும்போது கண், பல், மூக்கை அது வேறு முகங்களிலிருந்து இட்டுக்கட்டி நிரப்புகிறது. மூல ஸ்கேனையும் அதையும் 200 சதவீதத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இமை, மேலுதட்டுக் கோடு, காது மடல் மூன்றையும் பாருங்கள், வேறு ஒரு பெண் தெரிவார். சின்னப் பாட்டியிடம் இரண்டையும் காட்டி எது அக்கா என்று கேளுங்கள், அதோடு வழக்கு முடிந்துவிடும். கீறல், கறையைக் கையால் நீக்குவதில் தப்பில்லை. முகத்தின் மேல் மட்டும் கை வைக்க வேண்டாம்.

மெய்ப்பு:

அச்சுப் பக்கம் யாரும் தொடவில்லை, அதனால் கொஞ்சம்.

நூறு பக்கம் என்ற எண்ணை விடுங்கள். நூலால் தைக்கும் கட்டுமானத்தில் 16 பக்க மடிப்பாக வரும், எனவே 96 அல்லது 112. வெறும் பசைக் கட்டுமானம் மலிவுதான். படங்களுக்காக வழவழப்பான ஆர்ட் பேப்பர் போட்டால் அதில் பசை சரியாகப் பிடிக்காது, நாலு முறை விரித்ததும் பக்கம் பக்கமாகக் கழன்று வரும். நினைவு மலர்கள் பல இப்படித்தான் உதிர்கின்றன. தையல் கேளுங்கள், 130 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 130 கிராம்) மேட் (பளபளக்காத) தாள் கேளுங்கள். ஏ5 அளவென்றால் முழுப் பக்கப் படத்துக்கு ஓர வெட்டு நான்கு புறமும் 3 மி.மீ. சேர்த்து 154×216 மி.மீ., அதாவது 300 டிபிஐயில் 1819×2551 பிக்சல் வேண்டும். உள் ஓரம் 20 மி.மீ.க்குக் குறைந்தால் வரியின் முனை கட்டுமானத்துக்குள் போய்விடும். இரண்டு பக்கம் விரியும் படத்தில் யார் முகமும் நடுவில் வராமல் பாருங்கள்.

கருப்பு-வெள்ளைப் படங்களை நாலு கலரில் அடித்தால் ஒன்று பச்சையாகவும் ஒன்று ஊதாவாகவும் வரும். கிரேஸ்கேலுக்கு (நிறமில்லாத கருப்பு-சாம்பல் வகை) மாற்றியே கொடுங்கள். திரையில் தெரிவதை விட அச்சில் ஒரு படி இருண்டு வரும், இடைநிறங்களைக் கொஞ்சம் தூக்கிவையுங்கள்.

தமிழ் எழுத்துத்தான் பெரிய வில்லங்கம். எல்லாம் யூனிகோடில் இருக்கட்டும். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து வாங்கியதை மாற்றும்போது ‘ஸ்ரீ’, ‘ஔ’, மேற்கோள் குறி எல்லாம் உடையும், தேடிப் பாருங்கள். இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வேர்ல்ட்-ரெடி கம்போசர் (தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வசதி) தேர்ந்திருக்காவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி ‘கொ’ ‘பெ’ எல்லாம் சிதறும். எழுத்தளவு 12 புள்ளி, வரி இடைவெளி 17. படிக்கப்போகிறவர்களில் முதியவர்கள் அதிகம், 13 என்றாலும் தப்பில்லை. இரு ஓரமும் சமன் செய்யாமல் இடது ஓரம் மட்டும் நேராக விடுங்கள். நம் சொற்கள் நீளம், சமன் செய்தால் வரிக்கு நடுவே ஓட்டை ஓட்டையாகத் தெரியும்.

ஒரே ஆளின் பெயர் மூன்று பக்கத்தில் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும், இது நடக்காத குடும்பப் புத்தகம் இல்லை. முன்கூட்டியே பெயர்ப் பட்டியல் ஒன்று போட்டு, ஒவ்வொருவரிடமும் தன் பெயரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். படக்குறிப்பில் ‘இடமிருந்து வலம்’ என்று வரிசையும், பாட்டிக்கு அவர் என்ன உறவு என்பதும் இருக்கட்டும். ‘என் பெரியப்பா’ என்றால் யாருடைய பெரியப்பா? அடையாளம் தெரியாதவரை ‘பெயர் தெரியவில்லை’ என்று துணிந்து போடுங்கள், புத்தகம் கைக்குப் போனதும் யாராவது ஃபோன் செய்து சொல்வார்கள்.

குரலுக்குக் கியூஆர் கோடு போடும் ஆசை வரும். போடலாம், ஆனால் அது போய் நிற்கும் கணக்கு மூடப்பட்டால் கோடு வெறும் கட்டம்தான். வீட்டுக்கு ஒரு பென்டிரைவ் தந்துவிடுங்கள். மூலக் கோப்புகளுக்கு மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு வீட்டில்.

காலக்கணக்கு: பேச்சும் பதிவும் மூன்று மாதம், எழுத்து இரண்டு, வடிவமைப்பு ஒன்று, மெய்ப்பு ஒன்று, அச்சுக்கு ஒன்று. மெய்ப்பை இரண்டு பேரிடம் கொடுங்கள், ஒருவர் குடும்பத்தை நன்றாகத் தெரிந்தவர், இன்னொருவர் சுத்தமாகத் தெரியாதவர். அறுபதையும் ஒரேயடியாக அடிக்காதீர்கள். டிஜிட்டல் அச்சில் முதலில் ஒரே ஒரு படி வாங்கி, கட்டுமானத்தோடு விரித்துப் பார்த்துவிட்டு மீதிக்கு ஒப்புதல் கொடுங்கள். எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃப்பைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டால், பிறகு பத்து படி வேண்டுமென்றாலும் எந்த அச்சகத்திலும் கொடுத்து அடிக்கலாம்.